டெல்டாவில் ஓட்டப் பந்தயமும் வெப்பக்காற்று பலூனும்: ஒரே விழாவில் முடியுமா? இடம், காற்று, தன்னார்வலர் வேலை பற்றிப் பேசுவோம்

வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் வணக்கம். வரும் தை மாதம் எங்கள் ஓட்டக் குழுவும் ஊர் இளைஞர் மன்றமும் சேர்ந்து ஒரு விழா நடத்த நினைக்கிறோம். 5 கி.மீ., 10 கி.மீ., அரை மாரத்தான் (சுமார் 21 கி.மீ.) என மூன்று ஓட்டங்கள். கூடவே இரண்டு வெப்பக்காற்று பலூன்களைத் தருவித்து, கயிற்றில் கட்டியபடியே மக்களை ஏற்றி இறக்கலாம் என்று பேச்சு.

பொள்ளாச்சியில் 2015 முதல் பலூன் விழா நடக்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக்குப் பக்கத்தில் திருவிடந்தை, பொள்ளாச்சி, மதுரை என்று மூன்று இடங்களில் நடத்தினார்கள். அதைப் பார்க்க நம் பிள்ளைகளை வேன் பிடித்துக் கூட்டிப் போகிறோம். நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வயலுக்கு மேலேயே ஒரு பலூன் எழுவதைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இப்போதைக்கு யோசனை இதுதான்: ஞாயிறு காலை 6 மணிக்கு ஓட்டம் தொடக்கம். ஆறரைக்கு பலூன் எழும்பும். ஓடுபவர்கள் பலூனைப் பார்த்தபடி ஓடுவார்கள். தன்னார்வலர்களாக ஊர் ஆட்கள், கல்லூரி மாணவர்கள். இடம் இன்னும் முடிவாகவில்லை. திருவையாறு பக்கம், மன்னார்குடி பக்கம், மயிலாடுதுறை பக்கம் என மூன்று பேச்சு இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கயிறும் கையுறையும்

நல்ல முயற்சி அண்ணா. நான் பலூன் விழாவில் தரைக்குழுவில் தன்னார்வலராக நின்றவன். முதலில் பலூன் பக்கத்து வேலையைச் சொல்லிவிடுகிறேன், நேரப் பட்டியலை அப்புறம் நீங்களே மாற்றுவீர்கள்.

பலூன் ஆறரைக்கு எழும்ப வேண்டும் என்றால் தரைக்குழு ஐந்து மணிக்கே திடலில் இருக்க வேண்டும். பைலட் ஒரு சின்ன ஹீலியம் பலூனை மேலே விட்டு அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகச் சாய்ந்து போகிறது என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் விரிக்கலாமா வேண்டாமா என்ற முடிவு. தார்ப்பாய் போட்டு, அதன் மேல் துணியை நீளமாக விரிக்க வேண்டும். கூடையைப் படுக்க வைத்து, நெருப்பைக் கக்கும் பர்னரைப் பொருத்துவார்கள். வாய்ப்பகுதியை இரண்டு பேர் இரு பக்கமும் அகலப் பிடித்து நிற்க, பெரிய விசிறி குளிர்ந்த காற்றை உள்ளே தள்ளும். பாதிக்கு மேல் உப்பியதும் பைலட் நெருப்பைக் கொடுப்பார். அந்த இரண்டு பேரும் நெருப்புக்கு மிக அருகில் நிற்கிறார்கள். பருத்தி உடை, தோல் கையுறை, மூடிய காலணி இல்லாமல் யாரையும் அங்கே விடாதீர்கள். பாலியஸ்டர் உடை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வேட்டி, துப்பட்டா, முந்தானை எதுவும் விசிறிப் பக்கம் வரக்கூடாது.

பலூனின் உச்சியில் நீளமான கயிறு ஒன்று இருக்கும். அதைப் பிடிப்பவர் எதிர்முனையில் தன் உடல் எடையைக் கொடுத்து நின்று, துணி மெதுவாக நிமிர விட வேண்டும். அது பலசாலிக்குக் கொடுக்கும் வேலை என்று நினைப்பார்கள். நிதானமாக இருப்பவருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றை எல்லாத் தன்னார்வலருக்கும் பத்து தடவையாவது சொல்லுங்கள்: கயிற்றையோ கூடையையோ பிடித்திருக்கும்போது கால் தரையை விட்டு எழும்பினால் அந்தக் கணமே கையை விட்டுவிட வேண்டும். பிடித்துக்கொண்டு தொங்கியவர்கள் பலூன் மேலே போன பிறகு விழுந்து இறந்திருக்கிறார்கள். கபடி ஆடிப் பழகிய நம் பையன்களுக்குப் பிடித்ததை விடாத குணம் உண்டு. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இதையெல்லாம் செய்ய ஒரு பலூனுக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர் வேண்டும். கூட்டத்தை வளையத்துக்கு வெளியே நிறுத்துபவர்கள் அதில் சேர மாட்டார்கள், அவர்கள் தனி. இதே நேரத்தில் ஓட்டமும் நடந்தால் தண்ணீர்ப் பந்தலில் நிற்க யார் இருப்பார்கள்? இரண்டு வேலைக்கும் விடியற்காலைதான் வேண்டும், இரண்டுக்கும் அதே ஆட்கள்தான். நாள்களைப் பிரித்துவிடுங்கள்.

குடந்தை ஓட்டக்காரி

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ஓட்டப் பக்கத்திலிருந்தும் அதே பதில்தான் வருகிறது. ஓடுபவர்கள் பலூனைப் பார்த்தபடி ஓடுவார்கள் என்பது கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் தலையை மேலே தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைச் சாலையில் ஓடினால் கால் மடங்கும். வழியோரம் நிற்கும் தன்னார்வலரும் மேலேதான் பார்த்துக்கொண்டு நிற்பார். வண்டி வருவதை யார் கவனிப்பது?

சம்பா வயல்

நான் ஓடுவதும் இல்லை, பறப்பதும் இல்லை. விவசாயி. இந்த உரையாடல் இழையை என் மகள் காட்டினாள். தை மாதம் என்கிறீர்களே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜனவரி மத்தியில் இங்கே சம்பா கதிர் முற்றி நிற்கும். சில இடத்தில் அறுவடை ஓடிக்கொண்டிருக்கும். தாளடி, அதாவது குறுவை அறுத்த பிறகு நடும் நெல், போட்டவர்களுக்குப் பயிர் இன்னும் பச்சையாகவே இருக்கும், பிப்ரவரி கடைசி வரை போகும். அறுத்த வயல் காலிதானே, அங்கே கூட்டம் நிற்கட்டும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். அது காலி இல்லை. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே நிற்கும் நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறோம். ஈரம் இருக்கும்போதே முளைத்துவிடும். அறுவடை முடிந்து பார்த்தால் அறுத்த நெல்லின் அடித்தாளுக்கு நடுவில் இரண்டு இலை விட்டு நிற்கும். தெரியாதவர் கண்ணுக்கு அது வெறும் தாள் வயல். ஆயிரம் பேர் மிதித்தால் அந்த வருஷத்து உளுந்து போச்சு. தண்ணீர் பாய்ச்சாமல், பனியிலும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் எங்களுக்குக் கிடைக்கும் இரண்டாவது வருமானம் அது.

பலூன் ஒன்றும் செய்யாது, கயிற்றில்தானே கட்டியிருக்கும் என்பீர்கள். சரி. பலூனைப் பார்க்க வருகிறவர்கள் எங்கே நிற்பார்கள்? வரப்பில் ஏறுவார்கள். வரப்பில் இடம் போதாமல் வயலில் இறங்குவார்கள். வண்டியை வாய்க்கால் கரையில் நிறுத்துவார்கள், கரை சரியும். விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் பார்க்கட்டும். நிலத்துக்காரர்களை முதலில் உட்கார வைத்துப் பேசுங்கள். நோட்டீஸ் அடித்த பிறகு வராதீர்கள்.

ஐயாறு ஓட்டம்

ஐயா சொன்னதோடு சாலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் கிராமத்துத் தார்ச்சாலையில் பாதி அகலம் நெல் காய்ந்துகொண்டிருக்கும். கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் லாரி, டிராக்டர் வரிசை. அறுவடை இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு வரும் வண்டிகளுக்குச் சாலையே போதாது. 10 கி.மீ. பாதையைக் கூகுள் வரைபடத்தில் குறித்துவிட்டு வந்தால் வேலைக்கு ஆகாது. விழாவுக்கு முந்தைய வாரம் சைக்கிளில் போய் நேரில் பார்க்க வேண்டும். நெல் காயும் இடம் வாரத்துக்கு வாரம் மாறும்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு வரை ஓடும் ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றுப் பாலங்களைக் கடந்து போகும் பாதை தமிழ்நாட்டில் வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் பேருந்து ஓடும் சாலை அது, போக்குவரத்தை நிறுத்தச் சொல்ல முடியாது. தை மாதம் தியாகராஜ ஆராதனை வாரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். குடமுருட்டிக் கரையில் திருக்காட்டுப்பள்ளி பக்கம் சில கி.மீ. அமைதியான சாலை இருக்கிறது. அங்கே போய்த் திரும்பும் பாதையாக வைத்தால் தண்ணீர்ப் பந்தல் எண்ணிக்கை பாதியாகும். ஒரே பந்தல் போகும்போதும் வரும்போதும் உதவும்.

மின்கம்பம்

மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். இழையில் கரண்டைப் பற்றி யாரும் பேசவில்லையே என்றுதான் எழுதுகிறேன்.

டெல்டாவில் எந்தத் திடலில் நின்று பார்த்தாலும் நான்கு பக்கமும் மின்கம்பி தெரியும். பம்ப்செட்டுக்காக வயல் நடுவிலேயே 11 கிலோவோல்ட் லைன் போகிறது. உலகத்தில் நடந்த மோசமான பலூன் விபத்துகளில் பலவும் மின்கம்பியில்தான். 2012 ஜனவரியில் நியூசிலாந்தின் கார்ட்டர்டனில் 11 பேர் இறந்தார்கள். 2016 ஜூலையில் அமெரிக்காவின் டெக்சஸில் லாக்ஹார்ட் என்ற ஊரில் 16 பேர். இரண்டும் மின்கம்பியில் பட்ட பலூன்கள்.

கட்டிய பலூனுக்கு அந்த ஆபத்து குறைவு, இல்லை என்று சொல்ல மாட்டேன். பலூனே ஆறேழு மாடி உயரம் இருக்கும். கயிறு நீளத்தையும் கூட்டுங்கள். ஒரு பக்கம் கயிறு அறுந்தாலோ சாய்ந்தாலோ அது போய்ப் படும் தூரத்துக்குள் ஒரு கம்பிகூட இருக்கக் கூடாது. என் கணக்கில் கயிறும் பலூனும் சேர்ந்த உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் நான்கு பக்கமும் வெற்றிடம் வேண்டும். விழா நேரத்துக்கு லைனை நிறுத்தித் தரச் சொல்லி உள்ளூர் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். கொடுத்தாலும் கம்பியில் கரண்ட் இருப்பதாக நினைத்தே வேலை செய்யுங்கள். உச்சிக் கயிறு பிடிக்கிற பையனுக்கு இதைத் தனியாகச் சொல்லுங்கள், அது பனியில் நனைந்த கயிறு, கரண்டைக் கடத்தும்.

கணக்கு டீச்சர்

தன்னார்வலராக வரும் மாணவர்களுக்கு பலூன் ஏன் எழும்புகிறது என்று புரிந்தால் வேலையும் கவனமாகச் செய்வார்கள். வகுப்பில் நான் போட்டுக் காட்டும் கணக்கு இது.

நடுத்தர பலூன் ஒன்றின் கொள்ளளவு சுமார் 2200 கன மீட்டர். தை விடியலில் நம் ஊரில் 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1.20 கிலோ. உள்ளே 100 டிகிரிக்குச் சூடாக்கினால் 0.95 கிலோ. வித்தியாசம் கால் கிலோ. பெருக்கினால் 550 கிலோ. துணி, கூடை, பர்னர், புரோப்பேன் சிலிண்டர், ஆட்கள் எல்லாமே இந்த 550க்குள் அடங்க வேண்டும்.

அதே பலூன் ஒன்பது மணிக்கு 28 டிகிரியில் நிற்கிறது என்றால் வெளிக்காற்று 1.17 ஆகிவிடும். தூக்கும் திறன் சுமார் 500 கிலோ. ஐம்பது கிலோ போய்விட்டது, அதாவது ஒரு ஆள் குறைவு. வெயில் ஏற ஏற ஏன் குறைவான பேரை ஏற்றுகிறார்கள் என்று கூட்டத்தில் சண்டை போடுவார்கள். வரிசையில் நிற்கும் தன்னார்வலர் இந்தக் கணக்கைச் சொல்லிப் புரிய வைக்கலாம்.

1783 நவம்பர் 21 அன்று பாரிஸில் முதன்முதலாக மனிதர்கள் இருவர் இப்படிப் பறந்தபோது வைக்கோலை எரித்துத்தான் சூடாக்கினார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு ஓர் ஆடு, வாத்து, சேவல் மூன்றையும் ஏற்றி விட்டுப் பார்த்தார்கள். இன்று நாம் பார்க்கும் புரோப்பேன் பர்னர் வைத்த பலூன் 1960இல் எட் யோஸ்ட் என்ற அமெரிக்கர் ஓட்டிக் காட்டியதிலிருந்து வந்தது. நம்மூர்க்காரர் சாதனையும் உண்டு: விஜய்பத் சிங்கானியா 2005 நவம்பரில் மும்பையிலிருந்து எழும்பி 21 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் போனார். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண் விரியும்.

வானம் பார்த்தவன்

எல்லோரும் கட்டிய பலூனைப் பற்றியே பேசுகிறீர்கள். நாற்பது ஐம்பது அடி ஏறி இறங்குவதில் என்ன இருக்கிறது? கல்லணையில் ஆறு பிரிவதை மேலிருந்து பார்க்க வேண்டும். பைலட்டும் இரண்டு பேரும் மட்டும் போகும் சுதந்திரப் பறத்தல் ஒன்றாவது வைக்கலாமே. இறங்கிய இடத்தில் நிலத்துக்காரருக்கு நஷ்ட ஈடு கொடுத்துவிடலாம்.

கயிறும் கையுறையும்

தம்பி, ஆசை எனக்கும் இருக்கிறது. ஆனால் பலூனுக்குச் சுக்கான் கிடையாது. ஏறலாம், இறங்கலாம், எந்தப் பக்கம் போவது என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும். அமெரிக்காவில் ஆல்புகெர்க்கி நகரில் 1972இல் 13 பலூன்களோடு தொடங்கிய விழா உலகத்திலேயே பெரியதாக வளர்ந்ததற்கு அந்த ஊர்க் காற்றும் ஒரு காரணம். அங்கே இலையுதிர்காலக் காலைகளில் தாழ்வான காற்று ஒரு திசையிலும் மேல்காற்று எதிர்த்திசையிலும் வீசும். பைலட் உயரத்தை மாற்றி மாற்றிப் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து இறங்கலாம். நமக்கு அப்படிக் காற்று இல்லை. டெல்டாவில் ஒரு மணி நேரம் மிதந்தால் கீழே சம்பா, வாழை, கரும்பு, மின்கம்பி, ஆறு, மறுபடி சம்பா. இறங்க இடம் எங்கே? பின்தொடரும் வண்டி எந்தப் பாலத்தைச் சுற்றி வந்து சேரும்?

சம்பா வயல்

நஷ்ட ஈடு பற்றி ஒரு வார்த்தை தம்பி. முற்றிய கதிர் மேல் அவ்வளவு பெரிய துணி விழுந்தால் அடியில் கிடக்கும் நெல் அத்தனையும் போச்சு. அதைப் பணமாகக் கொடுத்துவிடலாம், சரி. துணியை எடுக்க வரும் இருபது பேரும் வேடிக்கை பார்க்க வரும் இருநூறு பேரும் மிதிப்பது பக்கத்து வயல், அதற்குப் பக்கத்து வயல். அதில் பாதி குத்தகை நிலம். யாருக்குக் கொடுப்பீர்கள், நிலத்துக்காரருக்கா, குத்தகைக்காரருக்கா? ஒரு விழாவால் ஊருக்குள் பகை வந்துவிடும்.

வடுவூர்ப் பறவை

மன்னார்குடி பக்கம் என்று முதல் பதிவில் இருந்தது. வடுவூர் ஏரிப் பக்கம் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வெளிநாட்டிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் பறவைகள் வந்து தங்குவது சரியாக இந்த மாதங்களில்தான். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த ஏரி. பர்னர் சத்தமும் தலைக்கு மேல் பெரிய நிழலும் அவற்றைக் கூட்டத்தோடு கிளப்பிவிடும். அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் வாத்துகளை ஓட்டி வருவார்கள், மிரண்டால் சேர்க்கவே ஒரு நாள் ஆகும். மாடுகளும் அப்படித்தான். மாட்டுப் பொங்கலன்று பலூன் வைக்கவே வைக்காதீர்கள். அன்று எல்லா மாடும் தெருவில், குளத்தில், குழந்தைகள் கையில் இருக்கும்.

தரங்கை

மயிலாடுதுறை பக்கம் பற்றி நான் சொல்கிறேன். கடற்கரைக்கு அருகில் வேண்டாம். விடியலில் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாள்கள் உண்டு. கயிறு அறுந்தால் கீழே வங்காள விரிகுடாதான். பகலில் கடல்காற்று ஏறிவிட்டால் சாயங்காலமும் சீக்கிரம் அடங்காது. சுதந்திரமாகப் பறக்கும் பலூன் காற்றோடு போவதால் அதற்குக் காற்றே தெரியாது. கட்டிய பலூன் எதிர்த்து நிற்பதால் சின்னக் காற்றுக்கே துணி குழிந்து ஒரு பக்கம் படுத்துவிடும். அதனால் கட்டிய பலூனுக்குத்தான் காற்று மிகக் குறைவாக இருக்க வேண்டும். இது நிறைய பேருக்குத் தெரிவதில்லை. கயிறு கட்டியிருக்கிறதே, காற்றடித்தால் என்ன என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஐயாறு ஓட்டம்

தஞ்சாவூரைச் சுற்றி எங்கே வைத்தாலும் இன்னொன்று இருக்கிறது. அங்கே விமானப்படைத் தளம், 2020 ஜனவரியிலிருந்து சுகோய் போர் விமான அணி நிற்கும் இடம். திருச்சி விமான நிலையமும் தூரமில்லை. கட்டிய பலூன்தானே என்று யாரும் கேட்காமல் இருக்கக் கூடாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம், காவல்துறை, விமானப் போக்குவரத்து அனுமதி, விமானப்படை எல்லாவற்றுக்கும் இப்போதே விண்ணப்பம் போக வேண்டும். பலூன் கொண்டுவரும் நிறுவனத்திடம் பைலட் உரிமம், காப்பீட்டுத் தாள்களை நகல் வாங்கி வையுங்கள். அது வரும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

குடந்தை ஓட்டக்காரி

ஓட்டத் தன்னார்வலர்களுக்கு வருகிறேன், அதைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை.

ஜனவரி மத்தியில் ஆறரை தாண்டித்தான் சூரியன். அரை மாரத்தானை ஐந்தரைக்குத் தொடங்கினால் முதல் ஒரு மணி நேரம் இருட்டு, சில நாள் கடும் பனிமூட்டம். ஆற்றங்கரைச் சாலையில் தெருவிளக்கு இருக்காது, ஒரு பக்கம் தண்ணீர். மதகு இருக்கும் இடம், கரை உடைந்த இடம் ஒவ்வொன்றிலும் கையில் விளக்கோடு ஒருவர் நிற்க வேண்டும். பனிமூட்டம் இருந்தால் தொடக்கத்தை அரை மணி தள்ளிப்போடும் அதிகாரம் ஒரே ஒருவர் கையில் இருக்கட்டும்.

தண்ணீர்ப் பந்தல் இரண்டரை கி.மீ.க்கு ஒன்று. பிளாஸ்டிக் டம்ளர் 2019 ஜனவரி 1 முதல் இங்கே தடை, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பைக்கும் தடை. கல்யாண மண்டபத்தில் எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கும். ஓடுகிறவர்கள் நின்று குடித்துவிட்டுப் போகட்டும், நாம் ஒலிம்பிக்குக்கு ஓடவில்லை. பந்தலுக்கு ஒருவர் டம்ளர் கழுவ மட்டும் வேண்டும். கேட்க அற்ப வேலை போல இருக்கும், ஆனால் அந்த ஆள் இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் பந்தல் நின்றுவிடும்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஓடுபவருக்கு உப்பு குறைந்து மயக்கம் வரும். நம் ஊர்க் காலையில் ஈரப்பதம் மிக அதிகம், வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உப்பு போட்ட மோர், வாழைப்பழம், கடலை மிட்டாய் வையுங்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை, அதன் மேல் போட்டிருக்கும் அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும். குடத்தில் அரைக் குடத்துக்கு ஒன்று என்று போடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள்.

அப்புறம் பெண்கள். கிராமத்தில் முதல்முறையாக 5 கி.மீ. ஓட வரும் பெண்களுக்காகவே கேட்கிறேன்: உடை மாற்ற மறைவிடம், கதவு தாழிடும் கழிப்பறை, பை வைக்கும் இடத்தில் பெண் தன்னார்வலர். கடைசியாக வருபவர் பின்னால் ஒருவர் சைக்கிளில் வர வேண்டும். அவர் வந்து சேரும் வரை பந்தலைக் கலைக்கக் கூடாது. கடைசியில் நடந்து வருபவருக்கும் அதே கைதட்டல் இருக்கட்டும். லால்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து கிளம்பி ஆசிய விளையாட்டுப் பதக்கம் வரை போன ஆரோக்கிய ராஜீவை நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அடுத்த பிள்ளை இந்த 5 கி.மீ. கூட்டத்தில் இருக்கலாம்.

பிசியோ மன்னை

ஒரே ஒரு சேர்ப்பு. ஆம்புலன்ஸ் ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் ஓட்டமும் பலூனும் ஒரே வேளையில் நடக்கவே கூடாது. தீக்காயத்துக்குச் சுத்தமான தண்ணீர் நிறைய வேண்டும், பலூன் திடலில் ஒரு டேங்கர் நிற்கட்டும். பேஸ்ட், மாவு எதையும் தடவ விடாதீர்கள்.

வைக்கோல் போர்

பலூன் விழா என்றதும் வியாபாரிகள் மெழுகுவத்தி வைத்துப் பறக்கவிடும் காகித விளக்குகளைக் கொண்டுவருவார்கள். அறுவடைக் காலம், வீட்டுக்கு வீடு வைக்கோல் போர் இருக்கும். கூரை வீடும் இருக்கிறது. திடல் வாசலிலேயே தடுக்கத் தன்னார்வலர் வேண்டும், ஊராட்சியில் தண்டோராவும் போட வேண்டும்.

வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. நேற்று எங்கள் குழுவில் எல்லாப் பதிவுகளையும் வாய்விட்டுப் படித்தோம். முடிவானவை இவை.

ஓட்டம் சனிக்கிழமை காலை. பலூன் ஞாயிறு காலை, கட்டிய பலூன் மட்டும். சனிக்கிழமை சூரியன் மறைந்து காற்று அடங்கினால் பலூனைத் தரையிலேயே நிமிர்த்திப் பர்னர் வெளிச்சத்தில் ஒளிர விடும் நிகழ்ச்சி. அதற்கு யாரையும் ஏற்ற வேண்டியதில்லை, வயதானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஞாயிறு காற்று இருந்தால் பலூன் எழும்பாது, அதை நோட்டீஸிலேயே பெரிய எழுத்தில் போடுகிறோம். ஓட்டப் பதிவுக் கட்டணத்தோடு பலூன் சீட்டைச் சேர்க்க மாட்டோம். எழும்பாவிட்டால் சீட்டுப் பணம் முழுதும் திரும்பும்.

தேதி மாட்டுப் பொங்கலும் இல்லை, ஆராதனை வாரமும் இல்லை. இடம் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். நாலு பக்கமும் வயல் ஒட்டாத பள்ளி மைதானம் ஒன்றும் பழைய செங்கல் சூளைத் திடல் ஒன்றும் பார்த்திருக்கிறோம். வண்டிகள் ஊருக்கு வெளியே நிற்கும், அங்கிருந்து நடை.

சம்பா வயல் ஐயா, நோட்டீஸ் அடிப்பதற்கு முன் நிலத்துக்காரர்களையும் குத்தகைக்காரர்களையும் கோயில் மண்டபத்தில் கூட்டுகிறோம். நீங்கள் வந்து உளுந்து விஷயத்தை உங்கள் வாயாலேயே எங்கள் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வரப்புக் காவலுக்கு என்று தனித் தன்னார்வலர் குழு போடுகிறோம்.

சம்பா வயல்

வருகிறேன். வரப்புக் காவலுக்கு வெளியூர்ப் பிள்ளைகளைப் போடாதீர்கள், எந்த வயல் யாருடையது என்று தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகளாக இருக்கட்டும். என் மகள் தண்ணீர்ப் பந்தலில் நிற்கிறாளாம், பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்கம்பம்

செங்கல் சூளைத் திடலுக்கு மேற்கே ஒரு பழைய லைன் போகும் என்று ஞாபகம். இந்த வாரம் நான் வந்து பார்க்கிறேன். அளவு நாடா கொண்டுவாருங்கள்.

கயிறும் கையுறையும்

விழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை தரைக்குழுப் பயிற்சிக்கு நான் வந்துவிடுகிறேன். பலூன் வரும் முன்பே வெறும் கயிறு, தார்ப்பாய் வைத்துப் பழகலாம். ஞாயிறு மடிக்கும்போதும் ஆள் வேண்டும், அதை மறக்காதீர்கள். காற்றை அமுக்கி வெளியேற்றிப் பைக்குள் திணிப்பதுதான் நாளின் கடினமான வேலை. பனியில் நனைந்த துணியை அப்படியே மடித்தால் பூஞ்சை பிடிக்கும், வெயிலில் காயப்போட்டுத்தான் மடிக்க வேண்டும். காலை டிபன் எல்லோருக்கும் அதற்குப் பிறகுதான் என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பொங்கல் வாசனை வந்ததும் துணியைப் பிடிக்க ஆள் இருக்காது.

வானம் பார்த்தவன்

உச்சிக் கயிறுக்கு என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும்?

வெண்ணாற்றங்கரை

காலை ஐந்து. பருத்திச் சட்டை, ஷூ. கையுறை நாங்கள் தருகிறோம்.